தெரியாது என்று சொல்லத் தெரிந்த கடிகாரம்

ஜனவரி பிறந்தால் மும்பையில் பொங்கலோடு ஓட்டக் காய்ச்சலும் சேர்ந்து வந்துவிடுகிறது. 2004-ல் தொடங்கிய மும்பை மராத்தான் இப்போது நம் சங்கத்துக் குடும்பங்களிலும் ஒரு விசேஷமாகிவிட்டது. இளைஞர்கள் 42 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர் என்று ஓடுகிறார்கள். என்னைப் போன்ற கிழவர்கள் மூத்த குடிமக்கள் ஓட்டத்தில் பாதி ஓடி, பாதி நடந்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறோம்.

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், நீங்கதான் இன்ஜினியர் ஆச்சே. ஓடவும் வேணும், தினப்படிக்கும் கட்டிக்கணும். எந்த ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாம்?"

நான் பெரிய இன்ஜினியர் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டு 1981-ல் ரயில்வே சிக்னல் துறையில் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பு உண்டு. அதைச் சொல்லாமல் பதில் மட்டும் சொன்னால் நியாயமாகாது. வரிசையில் நின்று சொல்லி முடிக்கிற கதையும் அல்ல. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரே வேலை செய்த கடிகாரம்

திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏறும்போது என் தகப்பனார் ஒரு ஹெச்.எம்.டி. கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டார். தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அது செய்தது ஒரே வேலை, மணி காட்டுவது. அந்த மணியையும் நாங்கள் அப்படியே நம்பிவிடுவதில்லை. ரயில்வேயில் தினமும் 16.00 மணிக்கு முக்கிய நிலையங்களுக்கெல்லாம் நேரம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. கண்ட்ரோலிலிருந்து நேரம் வரும், நிலையத்துக் கடிகாரத்தைச் சரிபார்ப்பார்கள், நாங்கள் எங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம். எந்தக் கருவியானாலும் அதைவிட நம்பகமான ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதன் பேச்சைக் கேட்பது என்பது எங்கள் பழக்கம்.

இப்போது கடைக்குப் போனால் மணிக்கட்டில் கட்டுகிற இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் நாற்பது வேலை செய்வதாகச் சொல்கிறது. நாடித் துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிரஷர், தூக்கம், மன அழுத்தம், நடந்த அடிகள், ஓடிய தூரம் எல்லாம் உண்டாம். இதில் எதை அது உண்மையாகவே அளக்கிறது, எதை ஊகிக்கிறது, எதை வெறுமனே இட்டுக்கட்டுகிறது? வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். நான் ஒரு முறை இதைக் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

மச்சினனுக்குக் கொடுத்த பரிசு

என் மனைவியின் தம்பி டோம்பிவிலியில் இருக்கிறார். இருபது வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். விரலில் ஊசி குத்திக் குத்தி அலுத்துப்போனவர். 2023-ல் அவருடைய பிறந்த நாளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஊசியே இல்லாமல் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம், விலை 2,800 ரூபாய். கம்பெனியின் பெயர் வேண்டாம். அந்த மாதிரி விளம்பரங்கள் ஒன்றா இரண்டா?

வாங்கிக் கொடுத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அத்தான், இனிமே விரல்ல குத்துற வேலையே இல்ல" என்றார். முதல் வாரம் குளுக்கோமீட்டரோடு ஒப்பிட்டும் பார்த்தார். கடிகாரம் 140 என்றால் மீட்டர் 155 என்றது. பக்கத்தில்தானே இருக்கிறது என்று இருவரும் திருப்திப்பட்டோம். இரண்டாவது வாரம் ஸ்ட்ரிப் தீர்ந்தது. அவர் புதிதாக வாங்கவில்லை. மருமகள் மட்டும் தன் பங்குக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அங்கே தங்கியிருந்தோம். காலையில் எழுந்ததும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். 190. "கூடத்தான் இருக்கு. ஊசியப் போட்டுட்டு ஒரு நடை நடந்துட்டு வந்து சாப்பிட்டுக்கலாம்" என்றார். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு என்னோடு கிளம்பினார். எதிரே இருந்த தோட்டத்தில் நாலாவது சுற்றில் அவர் நடை தளர்ந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. நான் பதறிப்போய் உட்காரச் சொன்னேன். அந்த நிலையிலும் மணிக்கட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். "ஒண்ணுமில்ல அத்தான், 118-தான். நடந்ததுல இறங்கியிருக்கு."

நானும் அந்த எண்ணைப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் நானும் அதை நம்பினேன். சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, வேறு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போன் செய்தேன். மருமகள் குளுக்கோமீட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். விரலில் குத்திப் பார்த்தால் 48!

70-க்குக் கீழே போனாலே தாழ் சர்க்கரை, உடனே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். 48 என்பது இன்னும் கொஞ்சம் போனால் நினைவு தப்பிவிடுகிற நிலை. குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் 86-க்கு வந்தது. பிறகு டாக்டரிடம் அழைத்துப்போனோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது யார் வாங்கிக் கொடுத்தது?" என்றார். மச்சினன் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

சுருட்டிய துண்டுக்கும் நாடி உண்டு

அன்றிரவு அந்தக் கடிகாரத்தைக் கழற்றி, ஒரு குளியல் துண்டைக் கெட்டியாகச் சுருட்டி அதன்மேல் கட்டினேன். கொஞ்ச நேரம் பச்சை விளக்கு மினுங்கியது. பிறகு திரையில் எண்கள் வந்தன. நாடித் துடிப்பு 76, சர்க்கரை 109. துண்டுக்கு!

சிக்னல் துறையில் வேலை பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய தலைக்குனிவு கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். தண்டவாளத்தில் வண்டி நிற்கிறதா, இல்லையா என்று அறிய டிராக் சர்க்யூட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தண்டவாளங்கள் வழியாகச் சிறிய மின்னோட்டம் ஓடி, மறுமுனையில் ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்கள் மின்னோட்டத்தைக் குறுக்கே மறித்துவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். சரி, வண்டி வரவில்லை, ஆனால் ஒயர் அறுந்துவிட்டது என்றால்? அப்போதும் ரிலே விழும், சிவப்பு. பாட்டரி தீர்ந்துவிட்டால்? சிவப்பு. தண்டவாளமே உடைந்துவிட்டால்? சிவப்பு. தனக்குத் தெரியாதபோது பச்சை காட்டக்கூடாது என்பதுதான் சிக்னலின் முதல் தர்மம். முப்பத்தெட்டு வருடம் அதைக் காப்பாற்றத்தான் சம்பளம் வாங்கினேன்.

என் கையால் வாங்கிக் கொடுத்த கடிகாரமோ, ஒன்றும் தெரியாதபோதும் பச்சை காட்டுகிற சிக்னலாக இருந்தது.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கைக்கடிகாரமோ மோதிரமோ எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை, அவற்றை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று இருக்கிறது. அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் போய் இருக்கும். அது அளந்து அனுப்பும் எண்ணைச் சில கடிகாரங்கள் காட்டும். அங்கே கடிகாரம் வெறும் அறிவிப்புப் பலகை, அளப்பது வேறு கருவி. அதில் தவறில்லை. கடிகாரமே அளக்கிறது என்று விற்றால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பச்சை விளக்கு என்ன பார்க்கிறது?

நாடித் துடிப்பு விஷயம் வேறு. அதைக் கடிகாரம் உண்மையாகவே அளக்கிறது. அடிப்பக்கத்தில் மினுங்கும் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் வெளிச்சம் குறையும். துடிப்புகளுக்கு இடையில் வெளிச்சம் கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி.

உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே எண்ணும். ஓடும்போதுதான் சிக்கல். கை ஆட ஆட, கடிகாரம் தளர்ந்து மேலும் கீழும் போகும், வெளி வெளிச்சம் உள்ளே புகும். சில சமயம் நாடிக்குப் பதிலாகக் காலடியின் தாளத்தையே எண்ணிவிடும். மெதுவாக ஓடும்போது திடீரென்று 165 என்று காட்டினால் பயந்துவிடாதீர்கள். நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டினால் பாதிப் பிழை போய்விடும். துல்லியம் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு மார்பில் கட்டும் பட்டை இருக்கிறது. அது வெளிச்சத்தை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் கம்பெனி 1980-களிலேயே விளையாட்டு வீரர்களுக்காக இதைச் செய்து விற்றது.

கடிகாரத்தில் காட்டும் 'மண்டலங்கள்' பற்றியும் ஒரு வார்த்தை. வயதை 220-லிருந்து கழித்தால் வருவது உச்ச நாடி என்ற கணக்கில்தான் பல கடிகாரங்கள் தொடங்குகின்றன. எனக்கு 66 வயது, 154 வருகிறது. ஆனால் இது பொதுக் கணக்கு. ஒரே வயதுள்ள இருவருக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு வித்தியாசம் இருப்பது சாதாரணம். பிரஷருக்காக மெட்டோப்ரோலால், அட்டெனோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி அவ்வளவாக ஏறாது. கடிகாரம் 'இன்னும் வேகமாக ஓடு' என்று உசுப்பேற்றும். டாக்டரைக் கேட்காமல் அதற்குக் கீழ்ப்படிய வேண்டாம். மூச்சு வாங்காமல் பக்கத்தில் ஓடுகிறவரோடு இரண்டு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி.

பிரஷர் பார்ப்பதாகச் சொல்லும் கடிகாரங்களில் நேர்மையானவை, முதலில் கையில் கட்டும் பிரஷர் மெஷினோடு ஒப்பிட்டுப் பதிவு செய்யச் சொல்லும். சாம்சங் கடிகாரத்தில் 28 நாளுக்கு ஒரு முறை அப்படிச் செய்ய வேண்டும். எங்கள் 16.00 மணி விதி மாதிரிதான் இதுவும். அப்படி எதுவும் கேட்காமல் நேராக 120/80 என்று காட்டுகிற கடிகாரத்தைத் துண்டில் கட்டிப் பாருங்கள்.

ஈ.சி.ஜி. வசதி சில விலை உயர்ந்த கடிகாரங்களில் இருக்கிறது. ஆப்பிள் 2018-ல் இதைக் கொண்டுவந்தது. துடிப்பின் ஒழுங்கு தவறுவதைக் கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது என்று அந்தக் கம்பெனியே தெளிவாகச் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தூரத்தை அளப்பது நேரம்தான்

ஓடுகிறவர்களுக்கு முக்கியமானது தூரம். நான் ரயில்வேக்காரன் ஆனதால் இங்கே கொஞ்சம் கதை சொல்ல அனுமதியுங்கள்.

1906-ல் இந்தியத் திட்ட நேரம் வருவதற்கு முன் நாட்டின் ரயில்கள் ஓடியது மதராஸ் நேரத்தில். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தில் கணித்த நேரம் அது. பம்பாய் நகரமோ தனக்கென்று பம்பாய் நேரம் வைத்துக்கொண்டிருந்தது. ரயில் ஒரு மணி, ஊர் ஒரு மணி! நேரம் ஒன்றாக இருந்தால்தான் வண்டி பத்திரமாக ஓடும் என்று அப்போது கற்றுக்கொண்டோம்.

ஜி.பி.எஸ். என்பதும் நேர விவகாரம்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு 'இப்போது மணி இவ்வளவு' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செய்தி நம் மணிக்கட்டுக்கு வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். நம் நாட்டின் நாவிக் ஏற்பாட்டிலும் இதே தத்துவம்தான். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரம் வைத்தார்கள். கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு வசதியான எல்-1 அலைவரிசையையும் சேர்த்தார்கள்.

வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: "ஜி.பி.எஸ். கடிகாரத்துக்கு உள்ளேயே இருக்கிறதா, இல்லை போனிலிருந்து எடுத்துக்கொள்கிறதா?" விலை மலிவான பலவற்றில் உள்ளே இருக்காது. 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படியானால் போனையும் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும். நடப்பவருக்குப் பரவாயில்லை. ஓடுகிறவருக்குச் சுமை.

உள்ளே இருந்தாலும் மும்பை மாதிரி ஊரில் ஒரு சங்கடம். நாற்பது மாடிக் கட்டிடங்களுக்கு நடுவில் அலை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது வழி நீளும், கணக்குத் தவறும். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கடிகாரங்கள் இதை ஓரளவு சமாளிக்கின்றன. விலை கூடுதல். மரைன் டிரைவ் மாதிரித் திறந்த இடத்தில் ஓடுகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எப்படிச் சோதிப்பது? 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானத்துக்குப் போங்கள். கடிகாரம் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டதாகச் சொல்லும்வரை ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்பக்கக் கோட்டை ஒட்டிப் பத்துச் சுற்று போனால் சரியாக 4 கிலோமீட்டர். என் கடிகாரம் 4.09 காட்டியது. வளைவுகளில் இப்படிக் கொஞ்சம் கூடுவது இயற்கை. 4.4 காட்டினால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பத்தாயிரம் அடியும் பரோட்டா மாவும்

தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது ஏதோ வைத்தியர்கள் கணக்கிட்டுச் சொன்னது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்து அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அந்தப் பெயர்தான் உலகம் சுற்றி நம் மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. நடப்பது நல்லது, அதில் சந்தேகமில்லை. 9,400-ல் நின்றுவிட்டோமே என்று இரவு பதினோரு மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கீழ்வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியதில்லை.

அடியை எண்ணுவது கடிகாரத்துக்குள் இருக்கும் அசைவு உணரும் சில்லு. அது பார்ப்பது காலை அல்ல, கையை. ஒரு நாள் என் கடிகாரத்தை மனைவி கட்டிக்கொண்டு பரோட்டாவுக்கு மாவு பிசைந்தாள். முடித்ததும், "ஏங்க, அடுப்படியை விட்டு நகரல, அறுநூறு அடி நடந்திருக்கேனாம்" என்றாள். அதே கடிகாரம், இரண்டு கையிலும் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து வந்தபோது பாதி அடியைக்கூட எண்ணவில்லை. நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க இது போதும். அதற்கு மேல் இதோடு சண்டை போட வேண்டாம்.

தினப்படிக்குக் கட்டுகிறவர் பார்க்க வேண்டியவை

ஓடுவது ஒரு மணி நேரம். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் கடிகாரம் கையில் இருக்கப்போகிறது. ஆகவே இவற்றையும் பாருங்கள்.

சார்ஜ்: பளபளக்கும் வண்ணத் திரை அழகு, ஆனால் சில கடிகாரங்களுக்குத் தினம் சார்ஜ் போட வேண்டும். வெயிலின் வெளிச்சத்திலேயே தெரியும் மங்கல் திரை வாரக்கணக்கில் தாங்கும். 2021-ல் வந்த கார்மின் ஃபோர்ரன்னர் 55-ஐ என் மகள் எனக்கு வாங்கித் தந்தாள். சாதாரண உபயோகத்துக்கு இரண்டு வாரம், ஜி.பி.எஸ். போட்டால் 20 மணி நேரம் என்பது கம்பெனி கணக்கு. வாரம் மூன்று நாள் ஓடும் எனக்குப் பத்து நாளாவது வருகிறது.

பொத்தான்: மழையிலும் வியர்வையிலும் தொடுதிரை சொன்னபடி கேட்காது. ஜூலை மாதத்து மும்பையில் ஓட்டத்தை நிறுத்த திரையைத் தேய்த்துத் தேய்த்துத் தவித்தவர்களுக்குத் தெரியும். ஓடுகிறவருக்குப் பொத்தான் உள்ளதே நல்லது.

கண்: கண்ணாடி இல்லாமல், ஓடிக்கொண்டே, எண் தெரிகிறதா? கடைக்குள் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள்.

தமிழ்: சில கடிகாரங்களில் தமிழில் வரும் செய்தி வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பும் தகவலைப் படிக்க முடியாவிட்டால் என்ன பிரயோஜனம்? கடையில் இருக்கும்போதே வீட்டுக்குப் போன் செய்து தமிழில் ஒரு வரி அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

போன்: ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே சேரும். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அன்பாக அனுப்புகிறார்கள், இங்கே அப்பாவிடம் ஆண்ட்ராய்டு போன். பெட்டி அலமாரியில் தூங்குகிறது. அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

பட்டை: ரப்பர் பட்டையில் வியர்வையும் சோப்பும் தங்கினால் தோல் தடிக்கும். குளித்ததும் துடைத்துக் கட்டுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் 20 அல்லது 22 மில்லிமீட்டர் பட்டையாக இருந்தால் அறுந்தாலும் கவலையில்லை. சார்ஜர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நம் ஊரில் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ரகசியம்: ஓடிய வழியைப் படமாக எல்லோருக்கும் காட்டும் செயலிகள் உண்டு. ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களே தெரிந்துவிட்டன என்று 2018-ல் பெரிய கூச்சல் எழுந்தது. நம் வீட்டு வாசலும், நாம் வீட்டில் இல்லாத நேரமும் அப்படித் தெரிய வேண்டாம். பெண் பிள்ளைகள் தனியே ஓடப்போகும் வீடுகளில் அந்தப் பகிர்வை முதலில் மூடுங்கள்.

யாருக்கு எது?

நடக்கிறவர், போன் வந்தால் அதிர்ந்து சொன்னால் போதும் என்பவர், நாடியும் அடியும் காட்டும் விலை குறைந்த கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதில் சர்க்கரை, பிரஷர் என்றெல்லாம் எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம். அந்த இரண்டில் பொய் சொல்கிறது நாடியில் மட்டும் உண்மை சொல்லும் என்று எப்படி நம்புவது?

வாரம் மூன்று நான்கு நாள் ஓடுகிறவர், உள்ளேயே ஜி.பி.எஸ்., பொத்தான், ஒரு வாரம் தாங்கும் பாட்டரி ஆகிய மூன்றும் உள்ள ஓட்டக் கடிகாரமாகப் பார்த்து வாங்கலாம். விலை பத்தாயிரத்துக்கு மேலே போகும். அதற்கும் மேலே வரைபடம், பாட்டு, மலையேற்றம் என்று போவதெல்லாம் ஆசைக்கு.

சர்க்கரையோ இதயக் கோளாறோ உள்ளவர் எந்தக் கடிகாரம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். குளுக்கோமீட்டரையும் பிரஷர் மெஷினையும் மட்டும் அலமாரிக்குள் போட்டுவிடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர் ஓடும்போதும் நடக்கும்போதும் பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ சர்க்கரைப் பொட்டலமோ வைத்திருப்பது எந்த வாட்சையும்விட முக்கியம்.

எதை வாங்கினாலும் துண்டுச் சோதனையை ஒரு தரம் செய்துவிடுங்கள். நல்ல கடிகாரம்கூடச் சில சமயம் ஏமாந்து ஏதோ நாடி எண்ணைக் காட்டிவிடும், வெளிச்சத்தை நம்பி இருப்பதால் அது நேர்வதுண்டு. ஆனால் பெரும்பாலும் இரண்டு சிறு கோடு போட்டுவிட்டு, கையில் கட்டவில்லையே என்று சும்மா இருக்க வேண்டும். என் மகள் தந்தது அப்படித்தான் கோடு போட்டது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது, ஒயர் அறுந்ததும் தானே சிவப்புக்குப் போன சிக்னலைப் பார்த்த நிம்மதி எனக்கு.

மச்சினன் இப்போது பழைய டைட்டன் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார். ஓசூரில் செய்தது, மணி மட்டும் காட்டும். விரலில் குத்திக்கொண்டு, இட்லி இரண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்கக் கிளம்புகிறார். பை நிறைய கடலை மிட்டாய். நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. யாராவது விளம்பரத்தைக் காட்டிக் கேட்டால், அதையும் ஒரு துண்டையும் எடுத்துக் காட்டுகிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் அடுத்த சங்கக் கூட்டத்துக்குக் கையோடு கொண்டு வாருங்கள். துண்டு நான் கொண்டு வருகிறேன்.